இணைந்த மறைச்சொல்லும் வாயிற் காவலனும்

வங்கியில் நகைப் பெட்டகம் வைத்திருப்போர் ஒன்றைக் கண்டிருப்பர். பெட்டகத்தின் சாவி நம் கையிலேயே இருப்பினும், அதைக்கொண்டு நாமாகத் திறந்துவிட இயலாது. வங்கி அலுவலர் தம்மிடமுள்ள சாவியை முதலில் இட்டுத் திருப்புவார். அதன் பின்னரே நம் சாவி திரும்பும். நம் சாவி களவு போனாலும் நகை போகாது. அலுவலர் ஒருவர் நெறி தவறினாலும் நகை போகாது. இரண்டும் ஒருங்கே தவறினாலன்றித் தீங்கு இல்லை. இத்தகைய இரட்டைக் காவலைக் கணிப்பொறி வலைகளில் எவ்வாறு அமைக்கின்றனர், அமைக்கும்போது எங்கெங்கே அது வெறுங் காவலாய்ப் போய்விடுகிறது என்பதைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். கல்லூரியின் மதிப்பெண் ஏடு, கருவூலத்தின் ஓய்வூதியக் கணக்கு, மருத்துவமனையின் நோயாளர் குறிப்பு ஆகிய யாவும் இன்று இத்தகைய வாயில்களுக்கு உட்புறத்தே இருக்கின்றன. ஆதலின் இது பொறியாளர்க்கு மட்டும் உரிய பேச்சு அன்று.

முதலில் பெயருக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிந்துகொள்ள வேண்டும். எங்கள் மானகிரிப் பக்கத்தில் ‘விலாசம்’ என்னும் சொல்லுக்கு அஞ்சல் முகவரி என்பதையன்றி வேறொரு பொருளும் உண்டு. பருமாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொண்டுவிற்ற நகரத்தார் தம் குடும்பத்தாருடைய பெயர்களின் முதலெழுத்துக்களைக் கோத்து அமைத்துக்கொண்ட கடைப் பெயரே விலாசம். ஏசெண்டாகச் சென்றவர் அந்த எழுத்துக்களை முன்னிட்டே கையொப்பம் இடுவார். விலாசம் ஊரறிந்த ஒன்று. அதை மறைத்து வைப்பார் இல்லை. அதை அறிந்திருப்பதனால் ஒருவர் அந்தக் கடையின் ஆள் ஆகிவிட மாட்டார். ஏசெண்டின் கையில் இருந்த அதிகாரப் பத்திரமே அவரை ஆள் ஆக்கியது. கணிப்பொறியில் நாம் முதலில் இடும் பயனர் பெயர் விலாசம் போன்றது. அஞ்சலில் எழுதும் ‘பின்கோடு’ எண்ணும் அத்தகையதே. அதில் மறைவு ஏதும் இல்லை. இனி நான் கூறப்போகும் ‘பின்’ வேறு. அது ஒருவர் தமக்கே உரியதாக வைத்துக்கொள்ளும் மறை எண்.

சான்றுகளை மூவகையாகப் பகுப்பர். ஒருவர் நெஞ்சில் அறிந்து வைத்திருப்பது ஒரு வகை. கையில் உடைமையாகக் கொண்டிருப்பது மற்றொரு வகை. விரல் ரேகை, கண் முதலாக உடலோடு ஒட்டியிருப்பது மூன்றாம் வகை. கடவுச்சொல் அறிவு வகையைச் சேர்ந்தது. ஒருவர் மனப்பாடமாக வைத்திருக்கும் நான்கு இலக்கப் பின் எண்ணும் அறிவு வகையையே சேர்ந்தது. ஆகவே கடவுச்சொல்லும் நிலையான பின்னும் சேர்ந்து இரட்டைக் காவல் ஆகிவிடும் என்று கருதுதல் பொருந்தாது. இரண்டையும் ஒரே துண்டுத்தாளில் எழுதி ஒரே மேசை இழுப்பறையில் வைப்போரே பெரும்பாலர். தாளைக் கண்டவன் இரண்டையும் கண்டவன் ஆகின்றான். வகை வேறாயிருந்தால்தான் காவலும் வேறாகும். அதனால் நெஞ்சில் உள்ள சொல்லோடு, கையில் உள்ள சிறு கருவியோ கைப்பேசியோ கணந்தோறும் புதிதாகப் பிறப்பிக்கும் எண்ணைச் சேர்த்துக் கேட்கின்றனர். இதையே நாம் ஓ.டி.பி. என்றும் ஒருமுறை எண் என்றும் வழங்குகின்றோம்.

மறை எண்ணின் பிறப்பைப் பற்றி ஒரு சிறு செய்தி. 1967 சூன் 27-ஆம் நாள் இலண்டனில் உள்ள என்ஃபீல்டில் பார்க்ளேசு வங்கி ஒரு பணப் பொறியை நிறுவிற்று. அதை அமைத்த சான் ஷெப்பர்டு-பாரன் நம் நாட்டுச் ஷில்லாங்கில் 1925-இல் பிறந்தவர். தமது படைப்பணி எண் நினைவில் இருந்ததனால் ஆறு இலக்கம் வைக்க எண்ணியதாகவும், நான்குக்கு மேல் தமக்கு நினைவில் நில்லாது என்று மனைவியார் சொன்னதால் நான்காகக் குறைத்ததாகவும் அவர் பிற்காலத்தில் கூறியிருக்கின்றார். ஆயினும் மறை எண் முறைக்கு 1966-லேயே காப்புரிமை வேண்டியவர் சேம்சு குட்ஃபெல்லோ என்னும் ஸ்காத்துலாந்துப் பொறியாளர். யார் முதல்வர் என்னும் வழக்கு நமக்கு வேண்டுவதில்லை. மனிதர்க்கு நினைவில் நிற்பது எத்தனை என்பதை ஓர் இல்லத்தலைவி முடிவு செய்தார் என்பது எனக்கு உவப்பான செய்தி. பள்ளியில் வாய்பாடு கற்பித்தவர்க்கு அதன் அருமை விளங்கும்.

இனி வாயிற் காவலனைக் காண்போம். ஒரு நிறுவனத்தின் வலைக்குள் வெளியிலிருந்து நுழைய விரும்புவோர் பல வாயில்கள் வழியே வருவர். ஒவ்வொரு வாயிலிலும் எல்லோருடைய கடவுச்சொற்களையும் எழுதி வைப்பது பேதைமை. ஆகையால் வாயில்கள் யாவும் உள்ளே இருக்கும் ஒரே காவலனைக் கேட்டு, அவன் ‘ஆம்’ என்றால் விடும். ‘இல்லை’ என்றால் தடுக்கும். அவ்வாறு கேட்பதற்கும் விடை சொல்வதற்கும் உரிய மொழியை 1991-இல் அமெரிக்காவின் லிவிங்ஸ்டன் என்னும் நிறுமம் மெரிட் என்னும் கல்வி வலைக்காக வகுத்தது. அதற்கு ‘ரேடியஸ்’ என்று பெயர். நீண்ட ஆங்கிலத் தொடர் ஒன்றின் முதலெழுத்துக்களால் ஆகிய பெயர் அது. தொலைபேசிக் கம்பி வழியே தொலைவிலிருந்து வருவோரை அறியும் பணி என்பது அத்தொடரின் பொருள். வட்டத்தின் ஆரத்திற்கும் அதற்கும் உறவில்லை; வடிவியல் பாடம் என்று எண்ணி வானொலியை அணைத்துவிட வேண்டாம். அது 1997-இல் இணையத்தின் பொது ஆவணமாக வெளியாயிற்று. 2000-இல் திருத்தம் பெற்று இன்றளவும் பயனில் உள்ளது. 1999-இல் தொடங்கிய ‘ஃபிரீரேடியஸ்’ என்னும் இலவச மென்பொருள் உலகெங்கும் இந்தக் காவலனாக நின்று பணியாற்றுகின்றது.

இப்போது ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. பழைய வாயில்களில் இரண்டே கட்டங்கள்தாம் உண்டு. ஒன்றில் பெயர், மற்றொன்றில் கடவுச்சொல். ஒருமுறை எண்ணை இடுவதற்கு மூன்றாம் கட்டம் இல்லை. வாயிலையே மாற்றலாம், செலவு மிகும். கடவுச்சொல்லைப் பார்த்தபின் காவலன், ‘நன்று, இனி எண்ணைச் சொல்க’ என்று இரண்டாம் முறை கேட்கும் வழியும் ரேடியஸ் மொழியில் உண்டு. அதுவே செம்மையான வழி என்பது என் கருத்து. ஆனால் எல்லா வாயில்களுக்கும் அவ்வாறு திரும்பக் கேட்கத் தெரியாது. ஆகவே ஒரு குறுக்குவழி கண்டனர். கடவுச்சொல்லையும் எண்ணையும் இடைவெளியின்றி ஒரே கட்டத்தில் சேர்த்து எழுதச் செய்தனர். ‘முல்லைக்கொடி’ என்பது ஒருவருடைய கடவுச்சொல், அந்தக் கணத்தில் கருவி காட்டும் எண் 402913 எனின், அவர் ‘முல்லைக்கொடி402913’ என்று எழுதுவார். வாயில் அதை ஒரே சொல் என்று கருதி உள்ளே அனுப்பிவிடும். பிரித்தறிவது காவலன் கடமை.

தமிழாசிரியர்கள் புன்முறுவல் செய்வார்கள் என்று நினைக்கின்றேன். இது சொற்புணர்ச்சியும் பதம் பிரித்தலும் அன்றோ! ‘தாமரை’ என்பது ஒரு சொல்லாக நின்று பூவை உணர்த்தும். ‘தா’, ‘மரை’ எனப் பிரிந்து நின்று தாவுகின்ற மானை உணர்த்தும். இத்தகையவற்றை இலக்கண நூலார் பொதுமொழி என்பர். படிப்பவர் இடம் நோக்கிப் பொருள் கொள்வார். காவலனுக்கோ இடம் நோக்கும் அறிவு கிடையாது. ‘முல்லைக்கொடி1967402913’ என்று வந்தால், 1967 கடவுச்சொல்லின் பகுதியா, எண்ணின் பகுதியா என்று அவன் மயங்குவான். இம்மயக்கத்தைத் தீர்க்க ஒரு விதியை அமைப்பவர் எழுதி வைக்க வேண்டும். இறுதி ஆறு எழுத்துக்களும் இலக்கங்களாகவே இருத்தல் வேண்டும். அவற்றை மட்டும் வெட்டி எடுத்து எண் எனக் கொள்க. முன்னே எஞ்சியது எதுவாயினும் கடவுச்சொல் எனக் கொள்க. இறுதி ஆறும் இலக்கமாக இல்லையெனின் மேற்கொண்டு ஆராயாது மறுத்துவிடுக. இதுவே அவ்விதி. இரு பகுதிகளுள் ஒன்றேனும் அளவில் மாறாததாக இருந்தாலன்றி இவ்விதி எழுத முடியாது. எண்ணை முன்னே வைத்துச் சொல்லைப் பின்னே வைக்கும் வழக்கமும் உண்டு, அதுவும் குற்றமன்று. ஆனால் ஒரே நிறுவனத்தில் சிலர் முன்னும் சிலர் பின்னும் எழுதும்படி விடுதல் கூடாது.

வெட்டியபின் முன்பகுதி பணியாளர் பட்டியலை வைத்திருக்கும் கணிப்பொறிக்குச் செல்லும். பின்பகுதி ஒருமுறை எண்ணைச் சரிபார்க்கும் பொறிக்குச் செல்லும். இரண்டு இடத்திலிருந்தும் ‘ஆம்’ வந்தால் காவலனும் ‘ஆம்’ என்பான்.

இங்கே இன்னொரு கண்டிப்பு உண்டு. கடவுச்சொல் கம்பி வழியே செல்லும்போது பிறர் காணாதிருக்க வேண்டும் என்பதற்காக, சில வாயில்கள் அதை அரைத்துக் கூழாக்கி, அந்தக் கூழை மட்டும் அனுப்பும். காவலனும் தான் அறிந்த சொல்லை அவ்வாறே அரைத்து இரண்டும் ஒத்தனவா என்று பார்ப்பான். சொல் தனித்து இருக்குமளவும் இது நல்ல முறை. சொல்லும் எண்ணும் சேர்த்து அரைக்கப்பட்டபின் காவலன் என் செய்வான்? ஆட்டுக்கல்லிலிருந்து வழித்த மாவில் அரிசி வேறு, உளுந்து வேறு என்று பிரிக்க இயலுமோ? சேப், எம்.எசு.சேப் என்று பொறியாளர் வழங்கும் முறைகள் இத்தகையவை. இணைந்த மறைச்சொல்லுக்கு அவை உதவா. சொல்லை உள்ளவாறே கொண்டு சேர்க்கும் பேப் என்னும் எளிய முறையே வேண்டும். எளிய முறைக்குக் காப்பு குறைவு ஆதலால், அதைச் சுற்றி மறைகுறியீட்டால் ஆகிய ஒரு சுரங்கவழியை அமைத்து அதனுள்ளே அனுப்புதல் வேண்டும். சுரங்கம் அமைக்காமல் பேப் முறையை மட்டும் திறந்துவிட்டு, ‘இரட்டைக் காவல் வைத்துவிட்டோம்’ என்று அறிக்கை எழுதுவது, முன்வாயிலுக்கு இரண்டாம் பூட்டு வாங்கிப் பின்கட்டுக் கதவைக் கழற்றிவிட்டது போன்றது.

கணக்கு ஆசிரியனாகவும் இருந்தவன் ஆதலின், என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது இனி வரும் பகுதி. நான்கு இலக்க மறை எண் ஒன்றைக் கண்டுபிடிக்க விழைபவன் முன் 10,000 வாய்ப்புகள் உள. ஆறு இலக்க எண் எனின் 10,00,000 வாய்ப்புகள். இரண்டும் சேர்ந்தால் எத்தனை? இரண்டையும் ஒருங்கே சரியாகச் சொன்னாலன்றிக் கதவு திறவாது எனின் பெருக்க வேண்டும். ஆயிரம் கோடி வரும். ஆனால் காவலன் வாயாடியாக இருந்து, ‘முன்பகுதி சரி, பின்பகுதி தவறு’ என்று சொல்லிவிட்டால்? கள்வன் முன்பகுதியைத் தனியே தேடிக் கண்டுபிடிப்பான். பிறகு பின்பகுதியைத் தனியே தேடுவான். அப்போது பெருக்கல் கூட்டலாகிவிடும். 10,000-உம் 10,00,000-உம் கூடினால் 10,10,000. ஆயிரம் கோடி எங்கே, பத்து இலட்சத்துப் பத்தாயிரம் எங்கே! பூட்டு மாறவில்லை, சாவி மாறவில்லை, காவலனுடைய நாவே காப்பைக் குலைத்தது.

இது கற்பனைக் கணக்கு அன்று. வீடுகளில் வைக்கும் வைஃபை பெட்டிகளில், எளிதாக இணைப்புக் கொடுப்பதற்கென்று எட்டு இலக்க மறை எண் ஒன்றை அச்சிட்டு ஒட்டும் முறை வந்தது. எட்டாம் இலக்கம் முன்னுள்ள ஏழிலிருந்து கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்பு இலக்கம். எனவே தேட வேண்டியது ஏழு இலக்கம், அதாவது ஒரு கோடி வாய்ப்புகள். ஆனால் பெட்டி அந்த எண்ணை இரு பாதியாக வெட்டிச் சோதித்தது. முதற்பாதி தவறாயின் அதைத் தன் விடையால் வெளிப்படுத்தியும் விட்டது. 2011 திசம்பரில் இசுடெபான் வீபெக் என்னும் ஆராய்ச்சியாளர் இதைக் கண்டு வெளியிட்டார். முதற்பாதிக்கு 10,000, பிற்பாதியில் சரிபார்ப்பு இலக்கம் போக மூன்றே இலக்கம் ஆதலால் 1,000, ஆக 11,000. ஒரு கோடி பதினோராயிரமாயிற்று. உலகெங்கும் இலட்சக்கணக்கான வீட்டு வாயில்கள் சில மணி நேரத்தில் திறக்கக்கூடியனவாகத் தாழ்ந்தன. வகுப்பில் பெருக்கலுக்கும் கூட்டலுக்கும் வேறுபாடு கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்த எடுத்துக்காட்டை எடுத்தாளலாம், மாணாக்கர் மறவார்.

ஆகவே காவலன் எப்பகுதி தவறாயினும் ‘இல்லை’ என்னும் ஒரே விடையைத்தான் தர வேண்டும். விடை தரும் நேரமும் ஒன்றாக இருப்பது நன்று. முன்பகுதி தவறானால் உடனே மறுப்பதும், பின்பகுதி தவறானால் சற்றுத் தாழ்த்து மறுப்பதும் கூர்ந்து நோக்குவோனுக்கு ஒரு பேச்சுத்தான். அன்றியும் இத்தனை முறைக்குமேல் தவறினால் சிறிது காலம் நிறுத்திவைக்க வேண்டும். எல்லையின்றிக் கேட்க விட்டால் பத்து இலட்சமும் கணிப்பொறிக்கு ஒரு பொருட்டு அன்று.

ஒருமுறை எண் எவ்வாறு பிறக்கின்றது என்பதையும் சொல்லிவிடுகின்றேன். கருவியினுள்ளும் சரிபார்க்கும் பொறியினுள்ளும் ஒரே மறைவித்து இருக்கும். 1970 சனவரி முதல் நாள் தொடங்கிக் கழிந்த விநாடிகளை முப்பதால் வகுத்து, அந்த ஈவையும் வித்தையும் ஒரு கணித ஆலையில் இட்டு ஆறு இலக்கம் எடுப்பர். 2011-இல் இம்முறை பொது ஆவணமாயிற்று. இரு புறமும் ஒரே கணக்கைச் செய்வதால் ஒரே எண் வரும். முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும். இதனால் ஒரு விளைவு உண்டு. காவலனுடைய கடிகாரம் பிழைபட்டால் ஒருவரும் உள்ளே வர இயலாது. செய்திக்கு முன் வானொலியில் வரும் மணியொலியைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட தலைமுறை நம்முடையது. கணிப்பொறியும் அவ்வாறே தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் காக்கும் இந்திய நேரத்தோடு தன்னைப் பொருத்திக்கொள்ளலாம். சிறு பிழையைப் பொறுப்பதற்காக, நிகழ் எண்ணோடு அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களையும் ஏற்பது வழக்கம். ஏற்றுக்கொண்ட எண்ணை இரண்டாம் முறை ஏற்கலாகாது என்பது அந்த ஆவணத்தின் கண்டிப்பான கட்டளை. தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தவன் அதே முப்பது விநாடிக்குள் அதையே இட்டு நுழைந்துவிடுதல் கூடும் அன்றோ?

என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்த மாணவர் ஒருவர் இன்று ஒரு கல்லூரியில் வலைப் பொறுப்பாளராக இருக்கின்றார். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டுவதில்லை. இவற்றையெல்லாம் பொறுமையோடு எனக்கு விளக்கியவர் அவரே. ஒருநாள் அவரிடம், “தம்பி, இவ்வளவிலும் உனக்குக் கடினமாக இருந்தது எது? வெட்டும் விதியா, சுரங்கமா?” என்று கேட்டேன்.

“இரண்டும் இல்லை ஐயா. எண்ணைச் சரிபார்க்கும் பொறி படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான்” என்றார்.

அவர் சொன்னது இது. பருவத் தேர்வு மதிப்பெண் பதிவதற்கு இறுதி நாள். மாலையில் மின்தடை ஏற்பட்டு, எண்ணைச் சரிபார்க்கும் பொறி மட்டும் மீண்டும் எழவில்லை. பேராசிரியர்கள் வீட்டிலிருந்து கடவுச்சொல்லையும் எண்ணையும் இட்டுப் பார்க்கின்றனர், காவலன் மறுக்கின்றான். அலுவலகத்திலிருந்து மேலோர் அவரை அழைத்து, “எண்ணைக் கேட்க வேண்டாம் என்று அமைத்துவிடு, கடவுச்சொல் போதும், இரவு மட்டுந்தானே!” என்று வற்புறுத்தினர். விதியில் ஒரே வரியை மாற்றினால் போதும். சரிபார்க்கும் பொறியிடமிருந்து விடை வாராவிடில் அதை ‘ஆம்’ எனக் கொள்க என்று எழுதலாம். ‘இல்லை’ எனக் கொள்க என்றும் எழுதலாம். அவர் மாற்ற மறுத்தார். மதிப்பெண் ஏட்டுக்குரிய வாயில் அது. பொறியை வேண்டுமென்றே வீழ்த்தினால் கதவு திறக்கும் என்பதை ஒருவன் அறிந்துகொண்டால், அன்று முதல் அவன் வீழ்த்துவதையே தொழிலாகக் கொள்வான் என்பது அவர் வாதம். அன்றிரவு பதினொரு மணி அளவும் கடுமொழி கேட்டார். பொறி எழுந்தபின் பதிவு நடந்தது. மறுநாள் அவர்க்கு விளக்கக் கடிதம் கேட்டு ஓலையும் வந்தது.

அவர் செய்ததே சரி என்பது என் துணிபு. ஆயினும் அலுவலகத்தார் கேட்டதும் நேர்மையற்ற கேள்வி அன்று. இறுதி நாளுக்குள் மதிப்பெண் ஏறாவிடில் துன்புறுவோர் மாணாக்கர். குற்றம் அந்த இரவில் இல்லை. இவ்வினாவை முன்னமே கேட்டு முடிவு எழுதி வைக்காமையில் இருந்தது. இப்போது அங்கே சரிபார்க்கும் பொறிகள் இரண்டு உள. அவற்றுக்கும் மேலே, ஒவ்வொன்றும் ஒரே முறை செல்லுபடியாகும் நெருக்கடி எண்கள் சில தாளில் அச்சிடப்பெற்று, அரக்கு முத்திரையிட்ட உறையில் முதல்வர் அறையின் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன.

ஒருமுறை எண்ணின்மீது நாம் வைக்கும் நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. ஆர்.எசு.ஏ. என்னும் அமெரிக்க நிறுமம் சிறு கருவிகளை விற்றது. அவை காட்டும் எண்ணுக்கு முன்னே தம் பின் எண்ணைச் சேர்த்து எழுதுவது அந்த முறையின் வழக்கம். இணைந்த மறைச்சொல்லுக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு அதுவே. 2011 மார்ச்சில் தம் கணிப்பொறிகளுக்குள் கள்வர் புகுந்து அக்கருவிகளைப் பற்றிய செய்தியைக் கவர்ந்துவிட்டனர் என்று அந்நிறுமம் அறிவித்தது; சூன் மாதத்தில் கருவிகளை மாற்றித் தரவும் முன்வந்தது. வித்து களவு போனால், கருவி கையில் இல்லாதவனும் எண்ணைக் கணக்கிட்டுவிடுவான். அவ்வாறு கையுடைமை பொருளற்றுப் போகும் வேளையில் எஞ்சி நிற்பது நெஞ்சில் உள்ள மறை எண் ஒன்றே. ஒருமுறை எண் இருக்கிறதே என்று கடவுச்சொல்லைப் பிறந்த நாளாகவும் பிள்ளை பெயராகவும் வைத்துக்கொள்வோர் இதைக் கருத வேண்டும்.

வாயிலும் காவலனும் தம்முள் பேசிக்கொள்வதற்கு ஒரு பொது மறைச்சொல் வைத்திருப்பர். ஃபிரீரேடியஸ் மென்பொருளோடு மாதிரிக்காக ‘டெஸ்டிங்123’ என்னும் சொல் எழுதப்பட்டே வருகின்றது. சோதனைக்கு என்று அதன் பெயரே கூறுகின்றது. ஆனால் சோதனை முடிந்தபின் மாற்ற மறந்துவிடும் சோம்பல் எல்லா நாட்டினர்க்கும் பொது. இதனினும் பெரியதொரு செய்தி 2024 சூலையில் வெளியாயிற்று. வாயிலுக்கும் காவலனுக்கும் இடையே கம்பியில் புகுந்திருப்பவன், காவலன் சொன்ன ‘இல்லை’ என்னும் விடையை வழியிலேயே ‘ஆம்’ என மாற்றிவிட இயலும் என்று ஆராய்ச்சியாளர் மெய்ப்பித்தனர். 1990-களில் வகுத்த முத்திரை முறை நலிந்துவிட்டதே காரணம். ஒவ்வொரு மடலிலும் வலிய முத்திரை ஒன்றைக் கட்டாயமாக்குவதும், உரையாடல் முழுவதையும் மறைகுறியீட்டுச் சுரங்கத்தினுள் வைப்பதும் அதற்கு மருந்து. சொல்லையும் எண்ணையும் எவ்வளவு நுணுக்கமாக வெட்டிச் சோதித்தாலும், விடை வழியில் திரிந்தால் பயன் என்ன?

காவலன் எழுதும் நாட்குறிப்பைப் பற்றியும் ஒரு சொல். யார் வந்தார், எப்போது வந்தார், ஏற்கப்பட்டாரா என்று எழுதி வைத்தல் வேண்டும். பிழை கண்டறியும் ஆர்வத்தில், வந்த மறைச்சொல்லையும் அவ்வாறே எழுதும்படி அமைத்துவிடுவோர் உளர். ஒருமுறை எண் அடுத்த நிமிடத்தில் செத்துவிடும். கடவுச்சொல்லோ நாட்குறிப்பில் உயிரோடு கிடக்கும். அந்த ஏட்டைத் திருடியவன் இருநூறு பேர் நெஞ்சைத் திருடியவன் ஆவான்.

இவ்வளவும் காவலனைப் பற்றியவை. நம் நாட்டில் வங்கி அட்டைகளைக்கொண்டு இணையத்தில் பொருள் வாங்குவோர்க்கு இரண்டாம் சான்று வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-இல் பிறப்பித்த ஆணை அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அது நல்ல ஆணை. ஆயினும் கள்வர் வழி மாற்றிக்கொண்டனர். காவலன் வாய் திறப்பதில்லை என்று கண்டு, உடைமையாளரையே வாய் திறக்கச் செய்கின்றனர். ஓய்வூதியம் பெறும் முதியவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, “ஐயா, தங்கள் வங்கிக் கணக்கு இன்று மாலையோடு நின்றுவிடும், கைப்பேசிக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்” என்று பணிவோடு கேட்கின்றனர். அவ்வெண் பிறந்து முப்பது விநாடியோ மூன்று நிமிடமோ உயிரோடிருக்கும். சொல்லி முடிப்பதற்கு ஆறு விநாடி போதும். வங்கியின் கணிப்பொறிக்கு அவ்வெண் ஏற்கனவே தெரியும். அதை உண்டாக்கி அனுப்பியதே அது. தெரிந்ததை வங்கியார் ஏன் நம்மிடம் கேட்க வேண்டும்? இந்த ஒரு வினாவை அந்த வேளையில் எழுப்பிக்கொள்ளப் பழகினால் போதும்.

எண்ணைச் சொல்லிவிட்டபின் பணம் போனது தெரியவந்தால், மகன் ஊரிலிருந்து வரட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கும், அதிலிருந்து வேறொன்றுக்குமாகக் கைமாறிக்கொண்டே இருக்கும். இடையில் எங்கேனும் நிறுத்தக்கூடியது முதல் சில மணி நேரத்தில்தான். 1930 என்னும் எண்ணுக்கு எந்தத் தொலைபேசியிலிருந்தும் பேசலாம். இணையவழிப் பண மோசடிகளைத் தெரிவிப்பதற்கென்றே அரசினர் வைத்துள்ள எண் அது. பேசும்போது வங்கியின் பெயர், பணம் போன நேரம், தொகை, கைப்பேசிக்கு வந்த செய்தியில் உள்ள பரிமாற்ற எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்க. அங்கும் கடவுச்சொல்லையோ மறை எண்ணையோ கேட்க மாட்டார்கள்.